பிஎம்ஐ 24.7ஆ, 25.6ஆ? ஒரே ஆளுக்கு இரண்டு எண் வருவது எப்படி

கேள்வி இது: "எனக்கு 41 வயது, ஆண். உயரம் 5.6, எடை 72 கிலோ. ஒரு ஆப்பில் போட்டால் பிஎம்ஐ 24.7, நார்மல் என்று பச்சையில் காட்டுகிறது. இன்னொன்றில் 25.6, எடை அதிகம் என்று வருகிறது. டாக்டரோ '23ஐத் தாண்டினாலே கவனிக்கணும்' என்கிறார். என் தம்பி உயரம் 5.10, எடை 90 கிலோ, தினமும் ஜிம் போகிறவன், அவனுக்கு 28.5. ஒன்பது வயது மகளுக்குப் போட்டுப் பார்த்தால் 16, எடை மிகக் குறைவு என்று சிவப்பில் வருகிறது. எதை நம்புவது? இதை எப்படிக் கணக்கிடுவது, அந்த எண்ணுக்கு அர்த்தம்தான் என்ன?"

பிஎம்ஐ என்பது உடல் நிறை குறியீட்டெண், உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் எண். முதலில் இரண்டு ஆப்களின் சண்டையைத் தீர்த்துவிடலாம். வில்லன் நீங்கள் எழுதிய "5.6"தான். பேச்சில் 5.6 என்றால் ஐந்து அடி ஆறு அங்குலம். அதாவது ஐந்தரை அடி, 167.6 செ.மீ. கணிதத்தில் 5.6 அடி என்றால் ஐந்து அடியும் ஓர் அடியில் பத்தில் ஆறு பங்கும், அது 170.7 செ.மீ. அடிக்கும் அங்குலத்துக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கும் ஆப் உங்களை 167.6 என்று எடுத்துக்கொண்டது. ஒரே கட்டம் வைத்திருக்கும் ஆப், புள்ளியைத் தசமப் புள்ளியாகவே படித்து உங்களை மூன்று செ.மீ. வளர்த்துவிட்டது. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்: 72ஐ 1.676ஆல் வகுத்தால் 42.96, அதை மறுபடி 1.676ஆல் வகுத்தால் 25.6. உயரத்தை 1.707 என்று மாற்றிப் போட்டால் 24.7. இரண்டு ஆப்புக்கும் கணக்குத் தெரியும், உங்கள் உயரம்தான் ஒன்றுக்குத் தெரியவில்லை.

உங்கள் தம்பியின் "5.10"ஐ அந்த ஒற்றைக் கட்ட ஆப்பில் போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை. 5.10 என்பதும் 5.1 என்பதும் அதற்கு ஒன்றுதான்; ஐந்து அடி பத்து அங்குல ஆளை 155 செ.மீ.க்குக் குறுக்கி, பிஎம்ஐ 37 என்று சொல்லியிருக்கும். ஆகவே எப்போதும் செ.மீ.யில் போடுங்கள். அடி-அங்குலம் மட்டும் தெரியும் என்றால் எல்லாவற்றையும் அங்குலமாக்கி (5 × 12 + 6 = 66) 2.54ஆல் பெருக்கினால் செ.மீ. வந்துவிடும்.

இப்போது கணக்கைச் சொல்லிவிட்டேன் என்பதையும் கவனித்திருப்பீர்கள். எடை கிலோவில், உயரம் மீட்டரில். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பாடப்புத்தகம் "உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கவும்" என்று சொல்லும். வர்க்கம் போடும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள், இரண்டு முறை வகுத்தால் தடுமாற வேலையில்லை. 0.00256 என்பது போல விசித்திரமான எண் வந்தால் மீட்டருக்குப் பதில் செ.மீ. போட்டிருக்கிறீர்கள், பத்தாயிரத்தால் பெருக்குங்கள், சரியாகிவிடும். எடை பவுண்டிலும் உயரம் அங்குலத்திலும் இருந்தால் அதே மாதிரி இரண்டு முறை வகுத்து, கடைசியில் 703ஆல் பெருக்க வேண்டும்.

வகுத்தல் இவ்வளவு சுலபம் என்பதால் எல்லாரும் அங்கே கவனமாக இருந்துவிட்டு, அளப்பதில் கோட்டை விடுகிறார்கள். உங்கள் உயரத்தில் ஒரு செ.மீ. தப்பினால் பிஎம்ஐ 0.3 நகரும். எடையில் ஒரு கிலோ தப்பினால் 0.36 நகரும். கிட்டத்தட்ட ஒரு செ.மீ.யும் ஒரு கிலோவும் ஒரே அளவு பிழையைத் தருகின்றன. ஆனால் எடையைப் பார்க்க நாலு தடவை மெஷினில் ஏறி இறங்குகிறவர், உயரத்தை மட்டும் இருபது வயதில் யாரோ அளந்து சொன்னதை வைத்தே காலம் தள்ளுகிறார். பல வருடம் ஆட்களை அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "உங்கள் உயரம் என்ன?" என்று கேட்டுவிட்டு அளந்தால், சொன்னதைவிட அளந்தது கூடுதலாக வந்தது அபூர்வம். ஆண்கள் இதில் கொஞ்சம் தாராளம்.

வீட்டில் அளப்பதென்றால் இப்படிச் செய்யுங்கள். செருப்பு, சாக்ஸ் இல்லாமல், அடியில் பட்டி இல்லாத சுவரில் குதிகால், பின்புறம், தோள்பட்டை ஒட்டி நில்லுங்கள். தரையில் விரிப்பு வேண்டாம். பார்வை நேராக இருக்கட்டும். நிமிர்ந்து நில் என்றால் பலர் முகவாயை மேலே தூக்குகிறார்கள், அப்போது உச்சி பின்னால் சாய்ந்து உயரம் குறையும். இன்னொருவர் கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு பக்கம் சுவரில் ஒட்டியிருக்க, முடி அமுங்கும்படி தலைமேல் இறக்கி, கீழ் விளிம்பில் பென்சிலால் கோடு போட வேண்டும். கொண்டை இருந்தால் அவிழ்த்துவிட வேண்டும். தரையிலிருந்து கோடு வரை இரும்பு டேப்பால் அளந்து, மறுபடி ஒரு தடவை முழுவதையும் செய்யுங்கள். இரண்டுக்கும் அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவையும் அளக்க வேண்டியதுதான். காலையில் அளந்தால் மாலையைவிட ஒரு செ.மீ. வரை கூடுதலாக இருக்கும். பகல் முழுக்க நிற்பதிலும் உட்கார்வதிலும் முதுகெலும்புக்கு இடையில் உள்ள வட்டுகள் அமுங்குகின்றன. எடைக்கு, காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடுவதற்கு முன், கெட்டியான தரையில் மெஷினை வைத்து ஏறுங்கள். மெத்தென்ற விரிப்பின்மேல் வைத்த மெஷின் பொய் சொல்லும்.

சரி, 25.6 என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன அர்த்தம்?

அதற்கு இந்த எண் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் மருத்துவரே இல்லை. அடால்ஃப் கெட்லே என்பவர் பெல்ஜியத்துக்காரர், வானியலாளர், புள்ளியியலாளர். நட்சத்திரங்களை அளந்த கையோடு மனிதர்களையும் அளந்து, "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று தேடியவர். வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே ஏறுகிறது என்று 1830களில் எழுதினார். யார் குண்டு, யார் ஒல்லி என்பது அவர் கவலையாகவே இல்லை.

ஏன் வர்க்கம்? இந்த இடம் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று போகலாம். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் அதன் எடை உயரத்தின் கனத்தை (உயரம் × உயரம் × உயரம்) ஒட்டி ஏற வேண்டும். 150 செ.மீ. உயரம், 50 கிலோ எடையுள்ள ஒருவரை அச்சு மாறாமல் 180 செ.மீ.க்குப் பெரிதாக்குங்கள். உயரம் 1.2 மடங்கு; எடை 1.2 × 1.2 × 1.2 மடங்கு, அதாவது 86 கிலோ. ஆனால் நிஜத்தில் 180 செ.மீ. ஆட்கள் 150 செ.மீ. ஆட்களின் பெரிதாக்கிய படமாக இருப்பதில்லை. உயரம் கூடுகிற அளவுக்கு அகலமும் கனமும் கூடுவதில்லை, கொஞ்சம் நெடுநெடுவென்று போய்விடுகிறார்கள். வர்க்கப்படி கணக்குப் போட்டால் 72 கிலோ வருகிறது, அதுதான் கண்ணால் பார்ப்பதற்கு நெருங்கி வருகிறது. ஆக வர்க்கம் என்பது இயற்கை விதி ஒன்றிலிருந்து வந்ததில்லை. கூட்டம் கூட்டமாக மனிதர்களை அளந்து, ஒத்துப்போகிறதே என்று எடுத்துக்கொண்டது.

முழுவதும் ஒத்துப்போகவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதப் பேராசிரியராக இருந்த நிக் டிரெஃபெதன் 2013ல் ஒரு யோசனை சொன்னார்: உயரத்தின் அடுக்கு 2 என்பதற்குப் பதில் 2.5 போடுங்கள், கூடவே 1.3ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 1.3 எதற்கு என்றால், 169 செ.மீ. உயரத்தில் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக வரும்படி. உங்கள் உயரம் அதற்கு அருகிலேயே இருப்பதால் உங்களுக்கு 25.7, மாற்றமே இல்லை. ஆனால் 150 செ.மீ., 60 கிலோ உள்ளவருக்கு 26.7 என்பது 28.3 ஆகிறது. 190 செ.மீ., 90 கிலோ உள்ளவருக்கு 24.9 என்பது 23.5 ஆகிறது. பழைய கணக்கு குள்ளமானவர்களை உள்ளதைவிட ஒல்லியாகவும், நெட்டையானவர்களை உள்ளதைவிடக் குண்டாகவும் காட்டுகிறது என்பது அவர் வாதம். யோசனை மருத்துவமனைகளுக்குள் நுழையவில்லை. உங்களில் மிக உயரமானவர்களும் மிகக் குள்ளமானவர்களும் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கெட்லேவின் கணக்கு நூறு வருடத்துக்கும் மேல் ஓரமாகக் கிடந்தது. அந்தக் காலத்தில் "சரியான எடை" என்றால் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் போட்ட அட்டவணைதான். அதில் சிறிய எலும்புக்கூடு, நடுத்தரம், பெரியது என்று மூன்று பத்திகள் இருக்கும். யார் தன்னைப் பெரிய எலும்புக்காரர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்? 1972ல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் தன் கூட்டாளிகளோடு ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்துப் பல சூத்திரங்களை ஒப்பிட்டார். தோலைக் கிள்ளிப் பிடித்து அளந்த கொழுப்பின் தடிமனோடு எது ஒத்துப்போகிறது, உயரத்தோடு எது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறது என்று பார்த்ததில் கெட்லேவின் கணக்கு தேறியது. பிஎம்ஐ என்ற பெயர் அங்கே வைத்ததுதான். இருப்பதில் இது பரவாயில்லை என்கிற அளவிலான தேர்ச்சிதான் அது. அளக்கப்பட்டவர்களில் பெண்கள் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே பிஎம்ஐ உள்ள ஆணைவிடப் பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு அதிகம். ஆனாலும் எல்லைக்கோடு இருவருக்கும் ஒன்றுதான்.

எல்லைக்கோடுகளுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 18.5க்குக் கீழே எடை குறைவு, 18.5 முதல் 25க்குள் இயல்பு, 25 முதல் 30க்குள் எடை அதிகம், 30ம் அதற்கு மேலும் உடல் பருமன். இந்த எண்கள் உடம்பில் எங்கும் எழுதி வைக்கப்பட்டவை கிடையாது. 25ல் மணி அடித்து நோய் ஆரம்பிப்பதில்லை. அமெரிக்காவில் 1998 வரை "எடை அதிகம்" என்ற கோடு ஆண்களுக்கு 27.8லும் பெண்களுக்கு 27.3லும் இருந்தது. அந்த வருடம் 25க்கு இறக்கினார்கள். இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு கிலோ கூட ஏறாமல் "எடை அதிகம்" ஆனார்கள்.

அதற்காகக் கோடு வெறும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. 57 ஆய்வுகளைச் சேர்ந்த ஒன்பது லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2009ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது 22.5 முதல் 25 வரை. அதற்கு மேலே ஒவ்வொரு 5 புள்ளிக்கும் இறப்பு விகிதம் சுமார் 30 சதவீதம் கூடியது. கீழே இறங்கினாலும் கூடியது. வரைபடமாகப் போட்டால் சாய்ந்த கிண்ணம் மாதிரி இருக்கும், அடிப்பாகம் தட்டை. நீங்கள் 24.7ஆ 25.6ஆ என்பது அந்தத் தட்டையான அடிப்பாகத்தில் இரண்டு விரல்கடை தள்ளி நிற்பது போலத்தான். பச்சைக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசம் ஆப் பூசிய வர்ணம்.

அப்படியென்றால் டாக்டர் ஏன் 23 என்கிறார்? இதுதான் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி. அந்த ஒன்பது லட்சம் பேரில் பெரும்பாலானோர் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். தெற்காசியர்களின் கதை வேறு மாதிரி.

லான்செட்டில் 2004ல் வந்த ஒரு புகைப்படத்தை நான் பலருக்குக் காட்டியிருக்கிறேன். இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. இருவரும் பார்க்க ஒல்லி. எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்! இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் "ஒய்-ஒய் முரண்" என்று பெயர் வைத்தார்கள். இதைப் பார்த்த பிறகு "எனக்கு பிஎம்ஐ நார்மல்" என்று ஒருவர் சொல்லும்போது மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

தெற்காசியர்களுக்கு அதே எடையில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தொடையிலும் புட்டத்திலும் போய்ச் சேராமல் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றி, கல்லீரலுக்குள்ளேயே சேர்கிறது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். உள்ளே இருப்பது இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். இங்கிலாந்தில் பதினாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2021ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர்களுக்கு பிஎம்ஐ 30ல் இருக்கும் சர்க்கரை நோய் அபாயம் தெற்காசியர்களுக்கு 23.9லேயே வந்துவிடுகிறது. ஆறு புள்ளி முன்னால். உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004லேயே ஆசிய மக்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய இடங்களாகச் சேர்த்தது. இந்திய மருத்துவர்கள் 2009ல் கூடிப் பேசி 23 முதல் எடை அதிகம், 25 முதல் பருமன் என்று வைத்துக்கொண்டார்கள். உங்கள் டாக்டர் சொன்னது இந்தக் கணக்கு. அதன்படி நீங்கள் "எடை அதிகம்" என்பதையும் தாண்டிவிட்டீர்கள்.

பயப்படுத்தச் சொல்லவில்லை, இன்னும் பாதி தகவல்தான் கையில் இருக்கிறது. 72 கிலோவில் எவ்வளவு எங்கே இருக்கிறது என்று பிஎம்ஐக்குத் தெரியாது. தசை, கொழுப்பு, எலும்பு, தண்ணீர் எல்லாம் மெஷினுக்கு ஒன்றுதான். சிறுநீரகக் கோளாறில் கால் வீங்கினாலும் பிஎம்ஐ ஏறும். ஆகவே தையல் டேப்பை எடுங்கள்.

இங்கேயும் ஒரு தப்பு எல்லாரும் செய்வார்கள். இடுப்பளவு என்ன என்றால் பேண்ட் சைஸைச் சொல்வார்கள். பேண்ட் தொப்பைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. பத்து வருடமாக 34 சைஸிலேயே இருக்கிறேன் என்று சொல்கிறவரின் வயிற்றை டேப்பால் அளந்தால் 38 அங்குலம் வரும். அளக்க வேண்டிய இடம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்து நடுவில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சட்டைமேல் வேண்டாம். டேப் சுற்றிலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், தோலை அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு, அந்த நிலையில் படியுங்கள். வயிற்றை எக்கிக்கொள்ளும் ஆசை எல்லாருக்கும் வரும். ஏமாறப் போவது நீங்கள்தான்.

தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் இன்னும் எளிய வழி, இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நுனி இரண்டும் தொட்டால் நல்லது. எண்ணே தேவையில்லை. உங்களுக்கு அந்தப் பாதி 84 செ.மீ.

தம்பிக்கும் இதே கயிறுதான் தீர்ப்புச் சொல்லும். 28.5 என்ற எண், தசை சேர்த்தவனுக்கும் தொப்பை சேர்த்தவனுக்கும் ஒன்றாகவே வரும். அவருக்குப் பாதி உயரம் 89 செ.மீ. இடுப்பு 82, 84 என்று இருந்தால் அந்த 28.5 பெரும்பாலும் தசைதான், கவலையில்லை. 98 என்று வந்தால் ஜிம் போவது வேறு, வயிறு வேறு. பொதுவாக எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு: "எனக்கு இருப்பதெல்லாம் தசை" என்று சொல்கிறவர்களில், சொல்லிக் காட்ட வேண்டிய தேவை இல்லாதவர்களே உண்மையில் தசை உள்ளவர்கள். காலை வைத்தால் கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின் அவரிடம் இருக்கலாம். அது உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தால் ஒன்று, வியர்த்தால் ஒன்று காட்டும். மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும், தனி எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகள் விஷயத்தில் முழுத் தவறு அந்த ஆப்புடையது. 18.5, 25 என்ற கோடுகள் வளர்ந்தவர்களுக்கு மட்டும். குழந்தைகளின் பிஎம்ஐ வயதோடு நகர்ந்துகொண்டே இருக்கும்: முதல் வயதில் ஏறும், அப்புறம் மெல்ல இறங்கி ஐந்து, ஆறு வயதில் அடிமட்டத்துக்கு வரும், பிறகு மறுபடி ஏறத் தொடங்கும். கொழுகொழுவென்றிருந்த குழந்தை பள்ளிக்கூடம் சேரும் வயதில் "இளைத்துப் போச்சே" என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். அதனால் குழந்தைக்குக் கணக்கிடும் முறை அதேதான் என்றாலும், வந்த எண்ணை அதே வயது, அதே பாலினக் குழந்தைகளின் வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 5 முதல் 19 வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2007ல் போட்ட வரைபடம் இருக்கிறது. அதில் ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு நடுப்புள்ளியே சுமார் 16தான். உங்கள் மகள் கோட்டின் நட்டநடுவில் நிற்கிறாள், ஆப் சிவப்பு விளக்கு போடுகிறது. குழந்தைகளிடம் ஒரு நாள் எண்ணைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்த புள்ளிகள் ஒரே பாதையில் போகின்றனவா என்பதுதான் பேசும். பாதை மாறி மேலேயோ கீழேயோ தாண்டினால் குழந்தை மருத்துவரிடம் கேட்கலாம். அதுவரை அவள் காதில் படும்படி எடையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இதே எச்சரிக்கை கர்ப்பிணிகளுக்கும் உண்டு. அவர்களுக்குக் கர்ப்பத்துக்கு முந்தைய எடையை வைத்துத்தான் கணக்கு. வயதானவர்களிடம் வேறு சிக்கல். உயரம் குறைகிறது, தசை கரைகிறது, அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. பிஎம்ஐ மட்டும் பத்து வருடமாக அசையாமல் 24 என்று நிற்கும். எழுபது வயதுக்காரரிடம் நான் பிஎம்ஐயைவிட, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா என்று பார்ப்பேன். முயற்சி எதுவும் இல்லாமல் எடை இறங்கினால், எண் பச்சையில் இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். 18.5க்குக் கீழே இருப்பவர்களையும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, "ஒல்லி உடம்பு, கொடுத்து வைத்தவர்" என்று விட்டுவிடுகிறார்கள். காசநோய், தைராய்டு மிகை, குடல் சத்தை உறிஞ்சாமல் போவது என்று பின்னால் எதுவும் இருக்கலாம்.

மருத்துவ உலகமும் மெல்ல இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் லான்செட் குழுமத்தின் நிபுணர் ஆணையம் ஒன்று, பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்குப் பருமன் நோய் என்று முடிவு செய்யாதீர்கள், இடுப்பளவையோ நேரடிக் கொழுப்பளவையோ சேர்த்துப் பாருங்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று தனியாகக் கேளுங்கள் என்றது. பிஎம்ஐயை நான் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். டேப்பும் மெஷினும் இருந்தால் பத்து பைசா செலவில்லாமல் யாருக்கும் கிடைக்கும் எண் வேறு எது இருக்கிறது?

உங்களுக்கு நான் சொல்வது இது. இடுப்பை அளந்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்தத்தில் உள்ள கொழுப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் தள்ளிப் போடவே வேண்டாம். எடைக் கணக்கு வேண்டுமென்றால், உங்கள் உயரத்தில் ஒரு பிஎம்ஐ புள்ளி என்பது 2.8 கிலோ. 23க்கு வர 64.6 கிலோவுக்கு இறங்க வேண்டும், அதாவது ஏழரைக் கிலோ. மலைப்பாக இருந்தால் முதலில் மூன்றரைக் கிலோவை வையுங்கள், உடல் எடையில் ஐந்து சதவீதம் இறங்கினாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரியும்.

எடை இறங்காமல் போனாலும் சோர்ந்துவிட வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006ல் வெளிவந்தது. அவர்களின் சராசரி பிஎம்ஐ கிட்டத்தட்ட உங்களுடையதுதான், 25.8. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்ட பிரிவில் மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. எடை மட்டும் சொல்லிக்கொள்ளும்படி இறங்கவே இல்லை. அவர்களில் யாராவது தினமும் ஆப்பில் பிஎம்ஐ போட்டுப் பார்த்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று மூன்றாம் மாதமே நிறுத்தியிருப்பார்கள். இடுப்பளவைத் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே டேப்பால், அதே இடத்தில், காலையில் அளந்து பாருங்கள்.